ஜக்குக்கும் நட்டுக்கும் ஒரே தடி: சில்லு மாற்றப் பழகுவோம்

எங்கள் சுசுகி ஆல்டோ காரின் டிக்கிக்குள் ஒரு சீலைப் பையில் சுற்றிக் கிடந்த இரும்புத் தடியை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தது, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போகிற வழியில், காலை ஏழு மணிக்கு. பள்ளிக்கூடம் தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது. முன் இடது சில்லு காற்றுப் போய்த் தரையோடு ஒட்டிக் கிடந்தது. இதென்ன பெரிய வேலை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜக்கை வைத்துச் சுற்றிச் சுற்றிக் காரைத் தூக்கினேன். பிறகு அதே தடியின் மறுமுனையை நட்டில் மாட்டித் தள்ளினேன். நட்டு அசையவில்லை. சில்லுதான் சுற்றியது. பிடித்துக்கொண்டு தள்ளினேன், கார் ஜக்கின் மேல் ஆடியது. பயந்து பின்னால் வந்துவிட்டேன்.

லாண்ட்மாஸ்டரில் (கை உழவு இயந்திரம்) வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஐயா நிறுத்திப் பார்த்தார். "ரீச்சர், காரத் தூக்கிப்போட்டு நட்டுக் கழட்டேலா. முதல்ல கீழ இறக்குங்க" என்றார். அன்று அவர்தான் மாற்றித் தந்தார்.

அடுத்த சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் நான்கு சில்லையும் ஒவ்வொன்றாக நானே கழற்றிப் பூட்டினேன். அந்த அனுபவம்தான் இந்தப் பதிவு. ஸ்பெயர் சில்லு எங்கே இருக்கிறது, அதை எப்படி வெளியே எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறேன்.

தடியைப் பார்த்துப் பழகுங்கள்

ஜக்கைச் சுற்றவும் நட்டைக் கழற்றவும் ஒரே கருவி என்று வருவதில் நான் கண்டது இரண்டு வகை. ஒன்றில் ஜக்கின் திருகாணி முனையே ஒரு பெரிய நட்டுப் போல இருக்கும். சில்லு நட்டுக்குப் பொருந்துகிற அதே ஸ்பானரை அதில் மாட்டிச் சுற்ற வேண்டியதுதான். மற்றதில் ஜக்கின் முனையில் ஒரு வளையம் இருக்கும். கொக்கி வைத்த நீளக் கம்பியை வளையத்தில் கொளுவி, கம்பியின் மறுமுனையில் நட்டு ஸ்பானரைக் கைபிடியாக மாட்டிச் சுற்றுவது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கட்சி. கை காருக்குக் கீழே போகாது, விரல் தரையில் உராயாது. முதல் வகையில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஸ்பானரைக் கழற்றி மாட்ட வேண்டிவரும். கச்சான் வெயிலில் அந்த வேலை செய்தால் வாயில் நல்ல வார்த்தை வராது.

கடையில் புதிதாக வாங்குவதென்றால் அளவைக் கேளுங்கள். சுசுகி, ஹொண்டா கார்களுக்குப் பெரும்பாலும் 19 மில்லிமீற்றர். டொயோட்டா, நிசானுக்குப் பெரும்பாலும் 21. ஸ்பானரின் உள்வாய் ஆறு மூலையாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை வைத்தது இறுகிய நட்டில் வழுக்கி மூலையைத் தேய்த்துவிடும். மூலை தேய்ந்த நட்டைப் பிறகு கராஜ்காரர்தான் கழற்ற வேண்டும்.

நிறுத்தும் இடம்

காற்றுப் போனது தெரிந்த உடனே நிறுத்தத் தேவையில்லை. மெதுவாக உருட்டி, மட்டமான, இறுகிய நிலத்துக்குப் போங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் கிரவல் றோட்டுகளின் ஓரம் மாரியில் சேறு. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கடற்கரைப் பக்கம் போனால் எப்போதும் மணல். இரண்டிலும் ஜக் மேலே போகாது, தான் கீழே போகும். நான் டிக்கியில் ஒரு அடி நீளம், இரண்டு அங்குலத் தடிப்பில் முதிரைப் பலகைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். மரக்காலையில் கழிவாகக் கிடந்தது, சும்மா தந்தார்கள். ஜக்கை விட எனக்கு அதிகம் உதவியது அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

ஹாண்ட் பிறேக்கை நன்றாக இழுங்கள், முதல் கியரில் விடுங்கள். ஓட்டோ கியர் என்றால் பார்க்கிங்கில். இரண்டும் ஏன் வேண்டும்? ஆல்டோ போன்ற கார்களில் ஹாண்ட் பிறேக் பிடிப்பது பின் சில்லுகளை, கியர் பிடிப்பது முன் சில்லுகளை. பின் சில்லு ஒன்றைத் தூக்கினால் ஹாண்ட் பிறேக்குக்குத் தரையில் மிஞ்சுவது ஒரே சில்லு. முன் சில்லு ஒன்றைத் தூக்கினால் கியரை நம்ப முடியாது, அந்தச் சில்லு அந்தரத்தில் சுற்றிக்கொண்டே காரை நகர விட்டுவிடும். எது எப்படியானாலும் மூலைவிட்டமாக எதிர்ப் பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள்.

என்னைக் கவிழ்த்த இடம்: நட்டைத் தளர்த்துவது

சில்லு தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். ஒரே தடி இரண்டு வேலையும் செய்வதால், கையில் எடுத்தவுடன் ஜக்கில் மாட்டத்தான் மனம் வரும். முதலில் நட்டு. அப்புறம்தான் ஜக்.

பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதைக் கெம்பி எடுங்கள். ஸ்பானரை நட்டில் கடைசி வரை உள்ளே தள்ளுங்கள், பாதியில் நிற்கக் கூடாது. சில்லைப் பார்த்து நின்றால் தடி உங்கள் இடது கைப் பக்கம் படுத்திருக்க வேண்டும். இப்போது கீழே அழுத்தினால் நட்டு தளரும். வலம் இடம் என்று குழம்பவே தேவையில்லை: இடப் பக்கம் வைத்து அழுத்தினால் கழலும், வலப் பக்கம் வைத்து அழுத்தினால் இறுகும்.

அழுத்தினேன், அசையவில்லை என்பீர்கள். அசையாது. சுசுகி சிறிய கார்களின் நட்டுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 85 நியூட்டன் மீற்றர் (சுற்றும் விசையின் அளவு). காரோடு வரும் தடி ஒரு சாண்தான், சுமார் 25 சென்ரிமீற்றர். அதன் நுனியில் ஏறத்தாழ 35 கிலோ பாரம் வைத்தால் அந்த இறுக்கம் கிடைக்கும். நான் 54 கிலோ, ஆகவே தடியின் நுனியில் ஒரு காலை வைத்து, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாரத்தை இறக்கினாலே நட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். துள்ளக் கூடாது. துள்ளினால் ஸ்பானர் கழன்று கணுக்காலில் அடிக்கும். பட்டுத்தான் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் நட்டுகளைக் கடைசியாக இறுக்கியது கையல்ல, டயர் கடையில் காற்றழுத்தத்தால் நட்டைச் சுற்றுகிற துப்பாக்கி. அது இரண்டு மடங்கு இறுக்கியிருந்தால் 70 கிலோ வேண்டும். ஆள் எடை போதாது. அதற்கு வழி நீளம்: தடியில் நுழையக்கூடிய இரண்டு அடி இரும்புக் குழாய்த் துண்டு. பிடிக்கும் இடம் 25 சென்ரிமீற்றரில் இருந்து 50க்குப் போனால் தேவையான பாரம் பாதியாகிவிடும். பழைய தண்ணீர்க் குழாய் போதும். தளர்த்துவதற்கு மட்டும்தான் இது. இறுக்கும்போது குழாய் போட்டால் நட்டின் மரை (திருகு வரி) போய்விடும்.

ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். முழுதாகக் கழற்றிவிடாதீர்கள்.

தூக்குவது

காரின் பக்கவாட்டு அடியில், முன் சில்லுக்குச் சற்றுப் பின்னும் பின் சில்லுக்குச் சற்று முன்னும், தகடு மடித்த விளிம்பில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் ஜக்கின் தலைப் பள்ளம் உட்கார வேண்டும். இருட்டில் கண்ணால் தேடாதீர்கள், விரலால் தடவினால் அகப்படும். வெளியே எடுத்த ஸ்பெயர் சில்லைப் படுக்கையாகக் காருக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஜக் சரிந்தால் கார் அதன் மேல் விழும், உங்கள் கால் மேல் விழாது.

இந்தக் கத்தரி ஜக் தாழ்ந்திருக்கும்போதுதான் சுற்றக் கடினம். ஜக்கின் கைகள் படுத்திருப்பதால் திருகாணியில் இழுவை அதிகம். உயர உயர இலேசாகும். முதல் ஐந்தாறு சுற்றில் மூச்சு வாங்கினால் ஜக் பழுது என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை திருகாணிக்குக் கிறீஸ் போடுங்கள். நம்முடைய உப்புக் காற்றுக்கு அது கட்டாயம்.

எவ்வளவு உயரம்? காற்றுப் போன சில்லு கழலும் அளவுக்கு மட்டும் தூக்கினால், காற்று நிறைந்த சில்லு உள்ளே நுழையாது. இன்னும் நாலு விரல் தூக்குங்கள். எந்த நேரத்திலும் உடலின் எந்தப் பாகமும் காருக்குக் கீழே போகக் கூடாது.

மாற்றிப் பூட்டுவது

இது சுகமான பகுதி. நட்டுகளைக் கழற்றி மூடிக்குள் போடுங்கள், மணலில் வைத்தால் தேட வேண்டும். புதுச் சில்லை மாட்டி, நட்டின் கூம்பிய பக்கம் உள்ளே பார்க்கும்படி கையாலேயே சுற்றுங்கள். கையால் போகாத நட்டு கோணலாகப் பிடித்திருக்கிறது, ஸ்பானரால் கட்டாயப்படுத்தாமல் கழற்றித் திரும்பப் போடுங்கள். பிறகு ஸ்பானரால் இலேசாக இறுக்கி, காரை இறக்கி, சில்லு தரையைத் தொட்ட பிறகே முழு இறுக்கம். ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. வரிசையாகச் சுற்றி வந்தால் சில்லு கோணலாக உட்காரும்.

இறுக்குவதற்கு ஏறி நிற்க வேண்டாம். தடியின் நுனியைப் பிடித்துக் கை பலம் முழுவதும் கொடுத்தால் போதும். மரையில் எண்ணெய் பூசச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் பட்டால் அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தால் போதும். 50 கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

சேர்க்கை 1: அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாசகர், நட்டெல்லாம் கழற்றியும் சில்லு கழன்று வரவில்லை என்று எழுதியிருந்தார். துரு சில்லை அச்சோடு ஒட்டிவிடும். ஜக்கில் நிற்கும்போது உதைக்காதீர்கள். நட்டுகளைத் திரும்பப் போட்டு ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, காரை இறக்குங்கள். காரின் பாரமே ஒட்டை உடைத்துவிடும். அப்படியும் அசையாவிட்டால் ஆளைச் சேர்த்துக் காரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்.

சேர்க்கை 2: அலோய் சில்லுக்காரர்கள் கவனிக்க. நட்டு ஆழக் குழிக்குள் இருப்பதால் தடித்த சுவர் வைத்த மலிவு ஸ்பானர் உள்ளேயே போகாது. வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். யப்பானில் இருந்து வந்த பல கார்களில் ஸ்பெயர் சில்லே இல்லை, ஒட்டும் திரவமும் சிறு காற்றுப் பம்பும்தான். சிலவற்றில் ஒல்லியான தற்காலிகச் சில்லு. அதற்கு 60 பீ.எஸ்.ஐ காற்று வேண்டும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது.

சேர்க்கை 3: கூட்டல் குறி வடிவ ஸ்பானர் நல்லதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நட்டுக்கு மிக நல்லது, இரண்டு கையாலும் பிடிக்கலாம், நாலு அளவும் இருக்கும். ஆனால் என் ஜக்கின் கொக்கிக் கம்பியில் அது மாட்டுவதில்லை. ஆகவே இரண்டையும் வைத்திருக்கிறேன். என் மச்சாள் மின்சாரத்தில் தூக்குகிற, நட்டும் கழற்றுகிற பெட்டி ஒன்று வாங்கினாள். சிகரெட் லைட்டர் துளையில் செருகியதும் பியூஸ் போனது. இப்போது பற்றரியில் கவ்விக் கொடுத்து ஓட்டுகிறாள், வேலை செய்கிறது. அவள் டிக்கியிலும் பழைய தடி கிடக்கிறது.

சேர்க்கை 4: நாலு நட்டில் ஒன்று மட்டும் வேறு மாதிரி, பூப்போல வெட்டு வைத்து இருந்தால் அது களவு போகாமல் போட்ட பூட்டு நட்டு. எந்த ஸ்பானரும் நேரடியாகப் பிடிக்காது. அதற்கென்று ஒரு சிறு சாவித் துண்டு உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் விற்றவரிடம் அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் சாவி, ஸ்பெயர் சில்லின் நடு ஓட்டைக்குள் ஒரு ரிசுப் பேப்பரில் சுற்றி இருந்தது.