பிக் பிட் சுரங்கத்துக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி வாட்ச்ச கழட்டிடுங்க

நமக்கு நிலக்கரிச் சுரங்கம்னா உடனே நெய்வேலிதான் ஞாபகம் வரும், ஆனா அது வானம் பாத்துத் திறந்து கிடக்கற பள்ளம். பிரிட்டன்ல, வேல்ஸ்ல பிளேனாவன் ஊர்ல இருக்கற பிக் பிட் வேற மாதிரி, கிணத்துக்குள்ள வாளி விடற மாதிரி நம்மளயே கேஜ்ல, அதாவது கூண்டு மாதிரி லிஃப்ட்ல வெச்சு 90 மீட்டர் நேரா கீழ இறக்கிடுவாங்க. 1980ல மூடின சுரங்கம், 1983ல மியூசியமா பார்வையாளர்களுக்குத் திறந்துட்டாங்க.

மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆனா அண்டர்கிரவுண்ட் டூருக்கு கட்டணம் உண்டா, டைமிங் என்னன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே அவங்க சைட்ல பாத்துக்கங்க. போனதும் மொதல்ல சுரங்கத்துக்குப் போயிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். நேரமாக ஆக க்யூ நீளும். கீழ வருஷம் முழுக்க குளிருதான், ஜாக்கெட் வேணும், செருப்பெல்லாம் வேணாம், நல்ல ஷூ போடுங்க. குழந்தைங்க ஒரு மீட்டர் உயரமாவது இருந்தாதான் விடுவாங்க.

போன், பேட்டரி வாட்ச், கார் ரிமோட் சாவி, லைட்டர் எல்லாத்தயும் மேலயே வாங்கி வெச்சுக்குவாங்க. சும்மா சம்பிரதாயத்துக்கு இல்ல. நிலக்கரியில இருந்து மீத்தேன் கசியும், ஒரு சின்ன தீப்பொறி போதும். 1913ல இதே சவுத் வேல்ஸ்ல செங்கனித் சுரங்கம் வெடிச்சு 439 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. அதனால கீழ செல்ஃபி கிடையாது, மனச தேத்திக்கங்க.

ஹெல்மெட், லைட்டு, இடுப்புல பேட்டரி பெல்ட் மாட்டி விடுவாங்க, அது நல்லாவே கனக்கும். கைடா வர்றவங்க சுரங்கத்துல வேல பாத்தவங்க, அதனால வாயத் திறந்து கேளுங்க, போர்டுல எழுதாத கதையெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு. பேச்சு வேல்ஸ் வாடையில வேகமா வரும், புரியலன்னா இன்னொரு தடவ கேக்கலாம், கோச்சுக்க மாட்டாங்க. சில இடத்துல கூரை தாழ்வா இருக்கும், நானே ரெண்டு தடவ ஹெல்மெட்ட டங்குனு இடிச்சேன்.

நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் லைட்ட அணைங்கன்னு சொல்வாங்க, அப்ப கைய மூக்குக்கிட்ட கொண்டு வந்து பாருங்க, ஒண்ணும் தெரியாது, கண்ணு பழகும்னு காத்திருந்தாலும் பழகாது, ஏன்னா அங்க பழகறதுக்கு வெளிச்சமே இல்ல. அந்தக் காலத்துல அஞ்சாறு வயசுப் பிள்ளைங்க இப்படி இருட்டுல உக்காந்து, கரி ஏத்தின டிராம் வண்டி வர்றப்பல்லாம், காத்தோட்டத்துக்காக வெச்ச கதவ இழுத்துத் திறந்து மூடிட்டு இருந்தாங்க, நாளெல்லாம். 1842ல சட்டம் வந்துதான் பொம்பளைங்களயும் பத்து வயசுக்குக் கீழ இருக்கற பசங்களயும் சுரங்கத்துக்குள்ள இறக்கக் கூடாதுன்னு ஆச்சு. அந்த வண்டிகள இழுத்த குதிரைங்களோட லாயமும் கீழயே இருக்கு, தவற விடாதீங்க.

மேல வந்ததும் 1939ல கட்டின குளியலறைய பாருங்க. அது வர்றதுக்கு முன்னாடி தொழிலாளிங்க கரி படிஞ்ச உடம்போட வீட்டுக்குப் போய் அடுப்புக்கு முன்னாடி தகரத் தொட்டியில குளிக்கணும், அதுக்கு வெந்நீர் போட்டே வீட்டுப் பொம்பளைங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கும்.