ஆங்கிலத்தில் யோசித்தால் நட்டம் வராதா?

பண விஷயத்தை ஆங்கிலத்தில் யோசித்தால் புத்தி தெளிவாக இருக்கும், தாய்மொழியில் யோசித்தால் மனசு குறுக்கே வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்டால், ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது என்பார்கள். ஆராய்ச்சி நிஜம்தான். அதிலிருந்து எடுக்கிற பாடம்தான் பெரும்பாலும் கோணல்.

முதலில் ஆய்வையே பார்த்துவிடலாம். 2012-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சரும் இன்னும் இருவரும் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி, ஸ்பானிஷ் கற்றுக்கொண்ட மொழி என்றிருந்த 54 மாணவர்கள். ஆளுக்கு 15 ஒற்றை டாலர் நோட்டுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், இல்லை பந்தயம் கட்டலாம். நாணயம் சுண்டுவார்கள். தோற்றால் அந்த டாலர் போச்சு. ஜெயித்தால் கட்டிய டாலரோடு மேலே ஒன்றரை டாலர். கணக்குப் பார்க்கிற ஆள் பதினைந்து சுற்றிலும் கட்டுவார். சராசரியில் 15 டாலர் 18.75 ஆகிவிடும். ஆனால் ஆங்கிலத்தில் விளையாடியவர்கள் 54 சதவீத வாய்ப்புகளில்தான் கட்டினார்கள். ஸ்பானிஷில் விளையாடியவர்கள் 71 சதவீதம்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வேற்று மொழியில் யோசித்தால் நிதானம் வரும், நிதானம் வந்தால் ரிஸ்க் எடுக்க மாட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மேலே உள்ள எண்ணைப் பாருங்கள்: ரிஸ்க் கூடியிருக்கிறது. குறைந்திருப்பது கைக்காசு போய்விடுமோ என்கிற பயம்தான். நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைகிற வலி நமக்கெல்லாம் பெரிது. அந்த வலி தாய்மொழியில் சுருக்கென்று தைக்கிறது, படித்து வந்த மொழியில் கொஞ்சம் மழுங்குகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 2003-ல் துருக்கியரிடம் நடந்த ஒரு சோதனையும் இதோடு ஒத்துப்போகிறது. சிறு வயதில் பெற்றோர் திட்டுகிற மாதிரியான வாக்கியங்களைத் துருக்கி மொழியில் கேட்டபோது, ஆங்கிலத்தில் கேட்டதைவிட அவர்கள் தோலில் ஏற்பட்ட மின் மாற்றம், அதாவது மனசு பதறுவதைக் காட்டுகிற அடையாளம், அதிகம்.

கெய்சர் குழுவின் இன்னொரு சோதனையும் முக்கியம். ஒரு நோயால் 6 லட்சம் பேர் உயிருக்கு ஆபத்து. ஒரு மருந்து உறுதியாக 2 லட்சம் பேரைக் காப்பாற்றும். இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் எல்லோரையும் காப்பாற்றும், இல்லையென்றால் ஒருவரும் தப்ப மாட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியானவர்களிடம் ஆங்கிலத்திலேயே கேட்டபோது ஏறக்குறைய 80 சதவீதம் பேர் உறுதியான மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கேள்வியை '4 லட்சம் பேர் சாவார்கள்' என்று திருப்பிப் போட்டதும் அது 47 சதவீதமாக இறங்கியது. கணக்கு ஒன்று, பேச்சு மட்டும் வேறு. பிறகு கற்ற ஜப்பானிய மொழியில் கேட்டபோது, எப்படிச் சொன்னாலும் சுமார் 40 சதவீதம்தான். கேள்வியின் சொல்லலங்காரம் அங்கே எடுபடவில்லை. அவ்வளவுதான் இதன் லாபம்.

அடுத்த தவறு, பயம் குறைந்தால் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்வது. சிகாகோ பந்தயம் விளையாடுகிறவருக்குச் சாதகமாகவே அமைக்கப்பட்டது. வெளியே யார் அப்படி அமைத்துத் தருகிறார்கள்? 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்கிற பங்குச்சந்தை ஊக வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள் என்று சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024-ல் சொன்னது. அந்த மாதிரி இடத்தில் பயம் நம்மைக் காப்பாற்றுகிற காவல். இத்தாலியின் ட்ரென்டோ ஆய்வாளர்கள் 2015-ல் கண்டதையும் சேர்த்துப் பாருங்கள்: ஆபத்தான விஷயங்களை அயல்மொழியில் எடைபோட்டவர்களுக்கு ஆபத்து சிறியதாகவும் பலன் பெரியதாகவும் தெரிந்தது. தோற்க வாய்ப்பு அதிகமுள்ள ஆட்டத்துக்கு இதைவிட மோசமான மனநிலை இருக்க முடியாது.

'அயல்மொழி' என்றால் நமக்கு ஆங்கிலம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இன்னொன்று. ஒரே தெருவில் ஒருவருக்கு அது பரீட்சைக்குப் படித்த மொழி. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சண்டை போடவும் கோபப்படவும் வருகிற மொழி. பார்சிலோனாவின் ஆல்பர்ட் கோஸ்டா குழு 2014-ல் ஒரு தர்மசங்கடக் கேள்வி வைத்தது: ஓடிவரும் வண்டியில் சிக்கப்போகிற ஐந்து பேரைக் காப்பாற்ற, அதைத் தடுக்க ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளுவீர்களா? தாய்மொழியில் 20 சதவீதமும் அயல்மொழியில் 33 சதவீதமும் தள்ளுவோம் என்றார்கள். ஆனால் அந்த மொழியில் தேர்ச்சி கூடக் கூட வித்தியாசம் சுருங்கியது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர் அதில் யோசித்து ஞானம் வரும் என்று காத்திருப்பதில் பெரிய அர்த்தமில்லை.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு, புரியாததை நிதானம் என்று நினைத்துக்கொள்வது. வீட்டுக்கடன் ஒப்பந்தம் இருபது முப்பது பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். 'ஃப்ளோட்டிங் ரேட்' என்ற இடத்தைத் தாண்டும்போது மனசு ஒன்றும் பதறாது. வட்டி ஏறினால் இ.எம்.ஐ. கூடும், அல்லது இ.எம்.ஐ. அப்படியே நின்று தவணைக்காலம் நீளும் என்று தமிழில் யாராவது சொன்னால்தான் வயிறு கலங்கும். அந்தக் கலக்கம் அங்கே தேவை. சோதனைகளில் கலந்துகொண்டவர்களுக்குக் கேள்வி புரிந்திருந்தது. புரியாத தாளில் கையெழுத்துப் போடுவதை எந்த ஆய்வும் சிபாரிசு செய்யவில்லை. என் யோசனை இதுதான்: பெரிய தொகை என்றால் இரண்டு மொழியிலும், இரண்டு பக்கமாகவும் சொல்லிப் பாருங்கள். 'நூற்றில் 90 பேர் பிழைக்கிற ஆபரேஷன்' என்றால் 'நூற்றில் 10 பேர் பிழைக்காத ஆபரேஷன்' என்றும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. எந்த வாக்கியத்தில் மனசு மாறுகிறதோ, அங்கே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

கடைசியாக, எல்லா வகை அவசரப் புத்திக்கும் இது மருந்தில்லை. பேட்டும் பந்தும் சேர்த்து 110 ரூபாய், பந்தைவிட பேட் 100 ரூபாய் அதிகம், பந்து என்ன விலை? பத்து என்று வாய் முந்திக்கொள்ளும். இந்த ரகக் கேள்விகளைக் கோஸ்டா குழு தாய்மொழியிலும் அயல்மொழியிலும் கேட்டுப் பார்த்தது; மொழி மாறியதால் சரியான விடை கூடவில்லை. பந்து 5 ரூபாய், பேட் 105.