இடுப்புச் சுளுக்குக் கண்ட குதிரையைத் தேற்றும் முறை

கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போலத் தாவும் குதிரையும், லாடம் அடிக்கப் பின்காலைத் தூக்கினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் குதிரையும் பல லாயங்களில் முதலில் வாங்கும் பெயர் 'அடங்காத குதிரை' என்பதுதான். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சவாரிப் பள்ளிகளுக்கு வந்து சேரும் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள் இந்தப் பழியை அதிகம் சுமக்கின்றன. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய குதிரை இன்று மறுக்கிறது என்றால் அதன் குணத்தைச் சந்தேகிக்கும் முன் அதன் இடுப்பைப் பார்க்க வேண்டும்.

குதிரையின் முதுகு முடியும் இடத்தில் பொதுவாக ஆறு இடுப்பு முள்ளெலும்புகள் இருக்கும். அவற்றையடுத்து ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்த திருவெலும்பு வருகிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்பு வலிய நார்களால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. இந்த மூட்டு மிகச் சிறிதளவே அசையும். ஆனால் பின்னங்கால்கள் தரையை உதைக்கும் விசை முழுவதும் இதன் வழியாகத்தான் முதுகுக்குப் போய்ச் சேர்கிறது. ஈரத் தரையில் கால் வழுக்குவதும், லாயத்தில் படுத்தபின் சுவரோரம் சிக்கிக்கொண்டு எழத் திணறுவதும், ஆழமான மணலில் திடீரென்று திரும்புவதும் இந்த நார்களையும் இவற்றைச் சூழ்ந்த தசைகளையும் இழுத்துவிடப் போதுமானவை. இதைத்தான் இடுப்புச் சுளுக்கு என்கிறோம்.

கால்நடை மருத்துவர் பார்க்காமல் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது. சுளுக்கைப்போலவே தோன்றும், ஆனால் நேர்மாறான கவனிப்பைக் கேட்கும் நோய்கள் பல உண்டு. வேலை முடிந்ததும் புட்டத்துத் தசைகள் கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசைச் சிதைவு. அந்தக் குதிரையை நின்ற இடத்திலிருந்து நடத்தவே கூடாது. ஒரு காலை ஊன்ற முடியாமல் நின்றாலோ, புட்டத்தின் முன்னால் இரு பக்கமும் புடைத்துத் தெரியும் இடுப்பு முனைகளில் ஒன்று திடீரென்று தாழ்ந்து தெரிந்தாலோ எலும்பு முறிவு இருக்கலாம். பின்பகுதி தள்ளாடினாலோ குளம்பு நுனி தரையில் உரசினாலோ நரம்புக் கோளாற்றையும், நம் நாட்டில் இரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோயையும் சோதித்தாக வேண்டும். கணுமூட்டு வலியோ பொருந்தாத சேணமோ அடியில் இருந்து, அதைத் தாங்கித் தாங்கியே முதுகு கெட்டிருக்கவும் கூடும். அதைச் சரிசெய்யாவிட்டால் கீழே சொல்லும் உழைப்பு அத்தனையும் வீண்.

சுளுக்குத்தான் என்று உறுதியானதும், சமதளமான தரையில் நான்கு கால்களும் நேராக ஊன்றும்படி குதிரையை நிறுத்தி, இரண்டு இடுப்பு முனைகளிலும் ஒரு துண்டு வெள்ளை நாடாவை ஒட்டுங்கள். உதைக்கு எட்டாத தொலைவில் பின்னால் நின்று, அது நேராக நடந்து விலகிச் செல்வதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். இரண்டு நாடாக்களும் சம அளவில் ஏறி இறங்குகின்றனவா, ஒரு பக்கத்துப் புட்டம் வற்றியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் எடுக்கும் படங்களே உங்கள் அளவுகோல்.

முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு, மருத்துவர் ஒப்பினால், வலிக்கும் இடத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அதன்பின் இளஞ்சூட்டு ஒத்தடம் நல்லது. வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். வலி மறைந்த குதிரை, ஆறாத நாரின்மேல் துள்ளிக் குதிக்கும். வேலை இல்லாத நாள்களில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைத்து உலர்புல்லைக் கூட்ட வேண்டும். முக்கியமாக, முன்னும் பின்னும் கயிறு கட்டி நிறுத்தும் பழைய வழக்கத்தில் பின்கால் கயிற்றை உடனே அவிழ்த்துவிடுங்கள். பன்னிரண்டு அடிச் சதுரமாவது உள்ள அறையில், வழுக்காத தரைமேல் வைக்கோல் மெத்தை தடிமனாக இருந்தால்தான் படுத்தெழும்போது இடுப்பு மீண்டும் முறுக்கிக்கொள்ளாது.

அடுத்து வருவது நடை. இந்த முறையின் உயிரே அதுதான் என்பேன். காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம், கெட்டியான சமதரையில், நேர்க்கோட்டில் கையில் பிடித்து நடத்துங்கள். குதிரை தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டி நடக்கக் கயிற்றைத் தளர்த்திக் கொடுங்கள்; தலையைத் தூக்கிப் பிடித்தால் முதுகு பள்ளமாகிவிடும். திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் என்று கூட்டினால் ஒன்றரை மாதத்தில் நாற்பது நிமிடத்தை எட்டலாம். நீண்ட கயிற்றில் கட்டிச் சிறு வட்டமாகச் சுற்றவிடுவதும் கடற்கரையின் பொலபொலத்த மணலும் இந்தக் காலத்தில் கூடவே கூடாது.

நடந்து தசை சூடானபின், கேரட் துண்டைக் காட்டிக் கழுத்தையும் முதுகையும் வளைக்கச் செய்யுங்கள். மோவாய் முதலில் மார்புக்கும், பின் முழங்கால்களின் நடுவுக்கும், பின் முன்கால் குளம்புகளை நோக்கியும் போகட்டும். பிறகு இரு பக்கமும் வயிற்றுவார் கட்டும் இடம், விலா, பின்கால் கணு என்று முகம் திரும்பட்டும். ஒவ்வொன்றையும் சில நொடி நிறுத்தி ஐந்து முறை செய்தால் போதும். எட்டுக் குதிரைகளை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் இந்தப் பயிற்சியை மட்டும் செய்ததில், முதுகெலும்பை ஒட்டியுள்ள உள்தசை பருத்ததுடன் இடவல ஏற்றத்தாழ்வும் குறைந்தது. வலி வந்தபோது முதலில் வற்றுவதும், வலி போனபின் தானாகத் திரும்பாததும் இந்தத் தசைதான்.

வயிறு தூக்கும் பயிற்சிக்கு, குதிரையின் தோளோரம் நின்று, வயிற்றுவார் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வயிற்றின் நடுக்கோட்டில் விரல் நுனிகளால் மேல்நோக்கி அழுத்துங்கள். முதுகு மெல்ல உயர்வதைப் பக்கவாட்டிலிருந்தே காணலாம். ஐந்து நொடி கழித்து விரல்களை மெதுவாக எடுங்கள். வால் சுழன்றாலோ காது மடங்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

நடை சீரானதும் தரையில் கழிகளைக் கிடத்தித் தாண்டி நடக்க வைக்கலாம். கழிகளுக்கிடையே ஏறத்தாழ 80 முதல் 90 சென்டிமீட்டர் விட்டு, உங்கள் குதிரையின் காலடி நீளத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு காலடி பின்னோக்கி நடத்துவதும், மெல்லிய ஏற்றத்தில் நேராக ஏற்றுவதும் இடுப்பை உள்ளிழுத்து நடக்கக் கற்பிக்கும். இறக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலச் சேற்றில் ஒரு வழுக்கல் போதும், இரண்டு மாத உழைப்பு போய்விடும். அந்த நாள்களில் லாயத்துத் தாழ்வாரத்தில் நடத்துவதே மேல்.

மருத்துவர் மீண்டும் பார்த்து இசைந்தபிறகே சேணம். அதன் பாரம் தாங்கும் பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. ஏறுபவர் எடை குறைந்தவராகவும், திண்டின் மேலிருந்து ஏறுபவராகவும் இருக்கட்டும். இரண்டு வாரம் நடை மட்டும், பிறகு நேர்க்கோட்டில் சிறிது சிறிதாக டிராட் என்னும் மெல்லோட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் கேன்டர்.

என் கவனிப்பில் இருந்த செந்நிறப் பெட்டைக் குதிரை ஒன்று ஆறாவது வாரத்தில் முழுக்கத் தேறியதாகவே தோன்றியது. அதை நம்பி ஒரு நாள் கேன்டரில் விட்டேன். மறுநாள் காலை மீண்டும் பின்காலைத் தர மறுத்தது. பத்து நிமிட நடையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. இந்த நார்கள் ஆற மாதங்கள் பிடிக்கும். நொண்டாமல் நடப்பது ஆறிவிட்டதற்குச் சான்று ஆகாது. ஒரு படியில் குதிரை முகம் சுளித்தால் முந்தைய படிக்குத் தயங்காமல் இறங்கி, அங்கே ஒரு வாரம் நில்லுங்கள்.

லாடக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பின்காலைத் தாழ்வாகப் பிடித்து, இடையிடையே இறக்கிவிடச் சொல்லுங்கள். அந்தப் பெட்டை ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், லாடக்காரர் கையில் பின்காலைத் தளரவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுப் புல்லை மென்றுகொண்டு நின்றது. மறுவாரம்தான் அதை மீண்டும் கேன்டருக்குக் கொண்டுபோனேன்.