விட்டுப்போன மாதங்களை டைரியில் எழுதுவது எப்படி?

எட்டு மாதம் தொடாத டைரியைப் போன வாரம்தான் மறுபடி எடுத்தேன். விட்ட நாளிலிருந்து வரிசையாக எழுத உட்காராதீர்கள். பத்துப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். இன்றைய தேதியைப் போட்டு, இன்றைக்கு நடந்ததை முதலில் எழுதுங்கள். அப்புறம், விட்டுப்போன மாதத்துக்கு ஒரு பக்கம் போதும்.

மறந்ததை எடுத்துக் கொடுக்க போன் இருக்கிறது. கேலரியில் தேதிவாரியாகப் படங்கள், ரயில் டிக்கெட் குறுஞ்செய்திகள், ஜிபே கணக்கு. எனக்கு ஜிபேதான் அதிகம் கொடுத்தது. மார்ச்சில் ஒரே வாரத்தில் நான்கு முறை இளநீர்க்காரருக்கு 50 ரூபாய் போயிருந்தது. அம்மாவுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது. வாசலில் செருகிய வேப்பிலை, அம்மாவின் தலைமாட்டில் விழித்திருந்த இரவு, எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து திரும்பி வந்தன. ஒரு மணி நேரம் எழுதினேன்.

கடை ரசீதுகளை ஒட்டுவதாக இருந்தால் முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். வழவழப்பான தாளில் அச்சாகும் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும்.

எழுத மனம் வராத மாதம் ஏதாவது இருந்தால், மாதத்தின் பெயரை மட்டும் போட்டுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். தோன்றும்போது எழுத இடம் இருக்கும்.