பங்குக்கு ஒருவர் உயில் எழுதினால்: நிதிக்குழுவுக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

கத்தோலிக்கப் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகம்) ஒன்றின் நிதிக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பங்கிலும் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 537-ஆவது விதி. காணிக்கைக் கணக்கையும் திருவிழாச் செலவையும் எழுத ஓரிரு மாதங்களில் பழகிவிடலாம். ஆனால் மூத்த உறுப்பினர் ஒருவர் திருப்பலி முடிந்து வந்து, "என் காலத்துக்குப் பிறகு வீடு கோயிலுக்குத்தான்" என்று சொல்லும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

முதல் படி: பேனாவைத் தொடாதீர்கள்

வற்புறுத்தியோ ஏமாற்றியோ ஓயாமல் நச்சரித்தோ எழுதி வாங்கிய உயில் செல்லாது என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு. உயிலால் பெரும் பயன் அடைபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றிருந்தால் அது ஐயத்துக்குரிய சூழ்நிலை என்றும், அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்றும் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1959-இலேயே தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே உயிலின் வாசகத்தைப் பங்குத்தந்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது. வழக்கறிஞரை நாம் ஏற்பாடு செய்யக் கூடாது. பங்கு இல்லத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கக் கூடாது. பெரியவர் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் தாமே போகட்டும். பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் அன்போடு கேட்டுக்கொள்ளலாம். மறைத்து வாங்கிய வீட்டைவிட, குடும்பம் அறிந்து தந்த சிறு தொகையே பங்குக்கு மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் படி: பெயரைச் சரியாகக் கொடுங்கள்

யாரும் கேட்காமலே நம் பங்கு கொடுக்க வேண்டிய ஒரே உதவி இதுதான். எங்கள் குழுவுக்கு ஒருமுறை கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதிய உயில் ஒன்று வந்தது. "என் மேற்கு வீட்டை மாதா கோயிலுக்கு எழுதி வைக்கிறேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக மாதா கோயில்கள் மூன்று. சர்வே எண் இல்லை, கதவு எண்ணும் இல்லை. எந்த வீடு என்பதை அவருடைய மகள் எடுத்து வந்த பழைய வீட்டு வரி ரசீதை வைத்துத்தான் உறுதிசெய்ய முடிந்தது. எந்தக் கோயில் என்பதில் மகளும் மகன்களும் ஒரே பேச்சாக இருந்ததால் மட்டுமே தப்பித்தோம்.

பல மறைமாவட்டங்களில் சொத்துகள் பங்கின் பெயரில் இருப்பதில்லை. பதிவு பெற்ற சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் பெயரில் இருக்கின்றன. ஆயர் இல்லத்துப் பொருளாளரிடம் அந்தப் பெயரை எழுத்து விடாமல் கேட்டு வாங்கி, ஒரு தாளில் தட்டச்சு செய்து, உயில் எழுத விரும்புபவர்களுக்குக் கொடுங்கள். உயிலில், "இன்ன சர்வே எண்ணில் உள்ள வீட்டை, இன்ன ஊர்ப் பங்கின் ஏழை மாணவர் கல்விக்காக, இன்ன சங்கத்துக்கு அளிக்கிறேன்" என்று சொத்து, நோக்கம், பெறுபவர் மூன்றும் இருந்தால் போதும். "மீதியைத் தர்மத்துக்கு" என்று பொதுவாக விட்டுவிடுவது ஆபத்து. 'தர்மம்' என்ற சொல்லை மட்டும் வைத்து எழுதிய கொடை தெளிவற்றது, ஆகவே செல்லாது என்று பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு இலண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றம்) 1899-இல், பம்பாயிலிருந்து போன வழக்கில் தீர்த்தது.

மூன்றாம் படி: சாட்சிகள்

உயில் எழுதுபவர் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். கிறிஸ்தவர்களின் உயிலில், சாட்சிக்கோ சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ அளிக்கும் கொடை செல்லாது. ஆகவே உயிலால் பயன்பெறும் எவரும் சாட்சியாக வேண்டாம். பின்னாளில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க நேர்ந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரையாவது விசாரித்தாக வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகப் பார்ப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள்.

"எழுதி ஒரு வருடத்துக்குள் இறந்துவிட்டால் கோயிலுக்கு எழுதியது செல்லாது" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், அது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்று விளக்குங்கள். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே உயில் எழுதி, ஆறு மாதங்களுக்குள் அதைச் சட்டப்படியான பாதுகாப்பில் வைத்திருந்தால்தான் சமயக் கொடை செல்லும் என்று அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு சொன்னது. அருட்தந்தை ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-இல் அந்தப் பிரிவைச் சமத்துவ உரிமைக்கு முரண் என்று நீக்கியது.

நான்காம் படி: நிபந்தனையை ஏற்கும் முன் ஆயரிடம் கேளுங்கள்

கடமையோ நிபந்தனையோ உள்ள கொடையை ஏற்க ஆயரின் அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1267-ஆவது விதி. இதைச் சடங்காக எண்ணக் கூடாது. ஒருவர் 10,000 ரூபாயை வைப்பு நிதியாக வைத்து மாதம் ஒரு திருப்பலி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 600 ரூபாய், அதாவது ஒரு திருப்பலிக்கு 50 ரூபாய். இருபது ஆண்டுகள் கழித்தும் அதே 50 ரூபாய்தான். ஆனால் ஏற்றுக்கொண்ட திருப்பலிகளின் எண்ணிக்கையைப் பங்கு தன் விருப்பத்துக்குக் குறைத்துவிட முடியாது. எனவே "வட்டி இடம் தரும் அளவுக்கு" என்றோ, இத்தனை ஆண்டுகளுக்கு என்றோ எழுதும்படி அவர் உயிரோடிருக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இறப்புக்குப் பிறகு

அடக்கத்தன்று உயிலைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து, உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரிடம் இறப்புச் சான்றின் நகலையும் உயிலின் நகலையும் எழுத்துமூலம் கேளுங்கள். அடக்கச் செலவும் கடன்களும் தீர்ந்த பிறகே கொடைகள் வரும். அதோடு, இறப்பு நாளிலிருந்து ஓராண்டு வரை கொடைகளை வழங்க அவருக்குக் கட்டாயமில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரோபேட் (உயிலை உறுதிசெய்து நீதிமன்றம் தரும் சான்று) 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து கட்டாயமில்லை. வாரிசுகளில் ஒருவர் மறுத்தால் மறைமாவட்ட வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டு வாசலில் நின்று வாதாடாதீர்கள். வில்லங்கச் சான்று பார்த்து, மூலப்பத்திரம் பெற்று, பட்டாவையும் வரியையும் பெயர் மாற்றுவதோடு இந்தப் படி முடிகிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறுப்பினரின் பணம், அவர் தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையாகும். அதற்கான அரசுப் பதிவோ முன் அனுமதியோ உங்கள் அமைப்புக்கு இல்லாவிட்டால் வாங்கவே கூடாது.

ஆறாம் படி: பதிவேடு

தடித்த அட்டை போட்ட தனிப் பதிவேடு ஒன்று வையுங்கள். பெயர், நாள், சொத்து, நோக்கம், நிபந்தனை ஆகியவற்றை உயிலின் சொற்களிலேயே எழுதுங்கள். குறித்த நோக்கத்துக்காகத் தந்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது அதே 1267-ஆவது விதி. மாணவர் கல்விக்கென்று வந்த வீட்டின் வாடகையில் கோபுரத்துக்கு வண்ணம் பூச முடியாது. பங்குத்தந்தையோ குழுவோ மாறும் ஒவ்வொரு முறையும், பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் அந்தப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்து, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.