ஏ.சி.யை 26-க்கு ஏற்றியும் பில் குறையலையா?

போன மாதம் கிண்டியில் ஓர் அலுவலகம். பராமரிப்புக்குப் புதிதாக வந்த தம்பி, தினசரி யூனிட் கணக்கு எழுதிய நோட்டை நீட்டினான். "21-லேர்ந்து 26-க்கு ஏத்தி ஒரு மாசமாச்சு சார், பில் அசையவே இல்லை." பல வருஷத்துக்கு முன் நான் புலம்பிய அதே புலம்பல்.

கதவைச் சாத்து, ஃபில்டரைக் கழுவு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். விட்டுவிடுகிறேன். பலரும் கவனிக்காமல் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் டக்ட் ஏ.சி., அதாவது கூரைக்குழாய் வழியே ஹால் முழுக்கக் குளிர்காற்று விடுவது. சூட்டை உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்தி ஓடவிடும் தெர்மோஸ்டாட் சுவரில்; நேர் கீழே ஜெராக்ஸ் மெஷின். அதன் சூடு நேராக மேலே ஏறும். ஹாலில் 23 டிகிரி இருக்கும்போது தெர்மோஸ்டாட்டுக்கு அது 27. பிறகு 26 வைத்து என்ன பயன்? கம்ப்ரஸர் கட் ஆஃப் ஆகவே ஆகாது.

சால்வை போர்த்திக்கொண்டு வந்து முறையிட்டவர்களிடம், "26-லதான் மேடம் வெச்சிருக்கேன்" என்று விறைப்பாகப் பதில் சொல்வேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. மெக்கானிக் வந்து கேஸ் கம்மி என்றார்; ஏற்றினோம். கம்ப்ரஸர் வீக் என்றார், மாற்றினோம். பில் அப்படியே. கடைசியில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேராகி மூன்று நாள் நின்றது. "இப்பதான் சார் ஏ.சி. அப்பப்ப அடங்குது" என்றார் ஜெராக்ஸ் எடுக்கும் அண்ணன். கம்ப்ரஸருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஆகவே முதலில் நாலைந்து சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, ஆள் உட்காரும் உயரத்தில் மேசைகளில் வையுங்கள். காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்து எழுதுங்கள். சுவரில் காட்டுவதும் மேசையில் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றுங்கள். மேற்கு வெயில் படும் சுவர் ஆகாது. குளிர்காற்று நேரே அடிக்கும் இடமும் ஆகாது. அங்கே சீக்கிரமே கட் ஆகி, ஹால் வெந்துவிடும்.

கிண்டித் தம்பியின் தெர்மோஸ்டாட் காபி மெஷினுக்கு மேலே இருந்தது.

ஒரே நாளில் ஐந்து டிகிரி ஏற்றுவது

கலகம் வரும். மேலாளர் 20-க்கு இறக்கிவிடுவார், அதோடு சரி. வாரத்துக்கு ஒரு டிகிரி போதும். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று 2018-இல் மத்திய அரசே சொன்னது.

16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பது

இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏ.சி.யில் சீக்கிரம் குளிராது. கட் ஆஃப்தான் தள்ளிப்போகும்.

ஃபேனைக் கழற்றிவிடுவது

ஃபால்ஸ் சீலிங் போடும்போது முதலில் காணாமல் போவது ஃபேன்தான். காற்று ஓடினால் 26 உறுத்தாது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது அதைப்போலக் கிட்டத்தட்ட இருபது மடங்கு. சுவர் ஃபேனாவது மாட்டுங்கள்.

புளோயரை நிற்காமல் ஓடவிடுவது

சென்னைக்காரர்கள் கவனிக்க. கம்ப்ரஸர் நின்ற பிறகும் புளோயர் (ஏ.சி.யின் காற்றை ஊதும் ஃபேன்) ஓடினால், உள்ளே குளிர்விக்கும் காயிலில் கோத்திருக்கும் ஈரம் திரும்ப ஹாலுக்கே வரும். டிஸ்ப்ளேயில் 26, உடம்பில் கசகசப்பு. புளோயரை ஆட்டோவில் வையுங்கள்.