தெருவுல வாந்தி பேதி பரவுனா கெணத்துக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, சீனி உப்பு தண்ணிக்கு அளவு என்ன

ஒரே தெருவுல நாலஞ்சு வீட்டுல ஒரே நேரத்துல வயித்தால போகுதுன்னா, கறி ஒத்துக்கல வெயில் சூடுன்னு சொல்லிட்டு விட்றாதீங்க, மொதல்ல தண்ணிய சந்தேகப்படுங்க, காலராவாக்கூட இருக்கலாம். நம்ம மதுரை பக்கம் வைகை காஞ்சு கெடக்குற மாசத்துல குழாய்ல தண்ணி விட்டு விட்டுதான் வருது, பைப்புல அழுத்தம் இல்லாத நேரத்துல விரிசல் வழியா பக்கத்து சாக்கடை உள்ள எறங்கும், அதுல மோட்டார் வேற வச்சு உறிஞ்சுனா கேக்கவே வேணாம். இந்த மாதிரி நேரத்துல நம்ம கையில இருக்குறது ரெண்டுதான், ஒன்னு பிளீச்சிங் பவுடர், இன்னொன்னு உப்பு சீனி கலந்த தண்ணி. ரெண்டையும் நம்ம ஆளுங்க கண்ணளவுலதான் போடுறாங்க, அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல கெணறு. பவுடர அப்படியே அள்ளி வீசுறதால பிரயோஜனம் இல்ல. தண்ணி எவ்வளவு இருக்குன்னு கணக்கு போடுங்க: கெணத்தோட குறுக்களவ அடியில அளந்து அத அதாலேயே பெருக்கி, தண்ணி நிக்கிற ஆழத்தையும் அடியில பெருக்கி, கடைசியா 22 ஆல பெருக்குனா லிட்டர் கணக்கு வந்துரும். 10 அடி குறுக்கு, 13 அடி தண்ணின்னா 10 × 10 × 13 × 22, அதாவது 28,600 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம், அப்ப இந்த கெணத்துக்கு 72 கிராம் போதும். மாடி டேங்க் ஆயிரம் லிட்டர்னா வெறும் 2.5 கிராம்தான், சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்துக்கங்க. மூடி தெறந்தா மூக்குல ஏறணும், கட்டி கட்டியா ஈரமான பழைய பவுடர்ல குளோரின் போயிருக்கும், அத வாங்காதீங்க.

பிளாஸ்டிக் வாளியில பவுடர போட்டு கொஞ்சமா தண்ணி விட்டு கொழச்சு, அப்புறம் முக்கா வாளி தண்ணி ஊத்தி கலக்கி பத்து நிமிஷம் அப்படியே விடுங்க, சுண்ணாம்பு அடியில தங்கிரும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல வேணாம். மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் இன்னொரு வாளியில ஊத்தி கயித்துல கட்டி கெணத்து தண்ணிக்குள்ள முக்கி மேலயும் கீழயும் நல்லா குலுக்கணும். அடியில தங்குன சுண்ணாம்ப கெணத்துல கொட்டக்கூடாது, தண்ணி கடினமாயிரும். ஒரு மணி நேரமாவது தண்ணி எறைக்கக்கூடாது, ராத்திரி எல்லாரும் எறைச்சு முடிச்சப்புறம் போடுறது நல்லது. ஊராட்சியில குளோரின் பாக்குற கிட் இருக்கும், கேளுங்க, நோய் பரவுற நேரத்துல லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டணும், இல்லன்னா இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப பாருங்க. கக்கூஸ் ஆசிட் கூட பிளீச்சிங் பவுடர கலந்துறாதீங்க, வர்ற புகை நெஞ்ச அடைக்கும்.

கண்மாய், ஊருணி தண்ணிதான் கதின்னு இருக்குறவங்க பழைய காட்டன் சேலைய நாலா மடிச்சு வடிகட்டுங்க. காலராவ உண்டாக்குற விப்ரியோ கிருமி தண்ணியில இருக்குற நுண்ணிய மிதவைப் பூச்சிகள் மேல ஒட்டிக்கிட்டு வாழுதுன்னு அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கோல்வெல் குழு கண்டுபிடிச்சு, வங்கதேச கிராமங்கள்ல சேலையால வடிகட்ட சொல்லி பாத்தாங்க, காலரா 48 சதவீதம் கொறஞ்சுச்சு, 2003ல முடிவு வெளியாச்சு. அது பாதிதான், வடிகட்டுன தண்ணிய தளதளன்னு கொதிக்கவும் வைங்க.

இப்ப ஆளுக்கு. அந்த விப்ரியோ கிருமி குடல கிழிக்கிறதோ அரிக்கிறதோ இல்ல, அது விடுற நஞ்சுதான் வேலைய காட்டுது. 1959ல கல்கத்தாவுல சம்பு நாத் தேங்கிற விஞ்ஞானி முயல் குடல்ல சோதனை செஞ்சு அத நிரூபிச்சாரு. அந்த நஞ்சு செல்லுக்குள்ள போயி உப்பையும் தண்ணியவும் வெளிய தள்ளுற வாசல அடைக்க முடியாத குழாய் மாதிரி தெறந்தே வச்சிரும், கஞ்சித்தண்ணி மாதிரி பேதி போறது அதனாலதான், கடுமையானா மணிக்கு ஒரு லிட்டர் கூட போகும். இதுல ஆச்சரியம் என்னன்னா அந்த நஞ்சுக்கான ஜீன கிருமிக்குள்ள கொண்டுவந்ததே ஒரு வைரஸ்னு 1996ல வால்டோர், மெக்கலனோஸ்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகளும் காட்டுனாங்க, அதாவது சாதாரண விப்ரியோவும் இப்படி கொலைகார விப்ரியோவா மாற வாய்ப்பு இருக்கு. 1992ல O139ங்கிற புது வகை நம்ம தமிழ்நாட்டுலதான் மொதல்ல வெடிச்சுச்சு, பழைய காலராவுக்கு இருந்த எதிர்ப்பு அதுக்கு உதவல.

ஆனா குளுக்கோஸும் உப்பும் சேந்து உள்ள போற இன்னொரு வாசல் இருக்கு, அத இந்த நஞ்சு தொடுறதில்ல. அந்த வழியாத்தான் தண்ணிய ஏத்துறோம். 1971 வங்கதேசப் போர் அகதி முகாம்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத டிரம் டிரம்மா கலந்து குடுத்தாரு, 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ எறங்குச்சு. ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தா அதுதான் மொதல் தேர்வு, எத்தன மில்லி தண்ணிக்குன்னு படிச்சு முழு பாக்கெட்டையும் போடுங்க. இல்லன்னா காய்ச்சி ஆறுன தண்ணி ஒரு லிட்டர், தட்டையா வழிச்ச டீ ஸ்பூன்ல சீனி 6, உப்பு அரை. சீனி கூடுனா பேதி கூடும், உப்பு கூடுனா சின்ன புள்ளைக்கு ஆபத்து. ஒவ்வொரு தடவ போனப்புறமும் ரெண்டு வயசுக்குள்ள 50 லேர்ந்து 100 மில்லி, பத்து வயசு வரைக்கும் 200 மில்லி வரை, பெரியவங்க முடிஞ்ச மட்டும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. தாய்ப்பால், கஞ்சி எதையும் நிறுத்தாதீங்க, பேதிய நிறுத்துற மாத்திரை நீங்களா குடுக்காதீங்க. கலந்த தண்ணி மறுநாளைக்கு ஆகாது.

கண்ணு குழி விழுந்து, ஒன்னுக்கு போகாம, தோல கிள்ளுனா மெதுவா பழைய நெலைக்கு வந்தா உடனே 108, பெரியாஸ்பத்திரியோ பக்கத்து ஜிஹெச்சோ, வழியெல்லாம் தண்ணிய குடுத்துக்கிட்டே போங்க. நோயாளி துணிய கெணத்தடியிலயோ வாய்க்கால்லயோ அலசாம பிளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டு தனியா துவைங்க, வீட்டுல நல்லா இருக்குறவங்க வயித்துல கூட கிருமி பத்து நாள் வரைக்கும் இருந்து வெளிய வரும், அதனால அந்த பத்து நாளும் சமைக்கிறவங்க, பந்தல்ல நீர்மோர் ஊத்துறவங்க சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் பாத்திரத்துல கை வைக்கணும்.